உறுத்தாத மேஜை

"குதிகால் உறுத்துது சிஸ்டர்" என்றார், ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து படுத்திருந்தவர்.

நர்ஸ் அவருடைய கெண்டைக்காலுக்கு அடியில் திண்டு வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட்டாள்.

"முழங்கைக்கு?" என்றார் அவர்.

அதற்கும் ஒரு ஜெல் மெத்தை வந்தது.

"கையை ரொம்ப விரிக்காதீங்க. நரம்பு இழுபட்டா விரல் மரத்துப்போகும்."

புது மாப்பிள்ளைகூட இத்தனை நொட்டை சொல்லமாட்டான் என்று நர்ஸ் மனசுக்குள் அலுத்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தியேட்டரில் அவளுக்கு இது முதல் நாள். வந்ததுமே கெட்ட பேர் வாங்க முடியுமா? கையைக் கட்டியிருந்த பட்டையை விரல் நுழையுமளவு தளர்த்திவிட்டு, "இப்போ எப்படி சார் இருக்கு?" என்றாள்.

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயக்க டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊசி போடாமலே தூங்க வெச்சுட்டீங்க. அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?" என்று அவர் சிரித்தார்.

வாசலில் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்த ஒரு அம்மா தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஆபரேஷன் எனக்குத்தானே? மேஜையில யாரு?"

"உங்க சர்ஜன்தாம்மா. பேஷன்ட்டைப் படுக்கவைக்கிறதுக்கு முன்னாடி தானே படுத்துப் பார்ப்பார். இதோ, எழுப்பிடறேன்" என்றாள் நர்ஸ்.

"அவசரமே இல்லம்மா. நல்லாத் தூங்கி எழுந்தே கத்தியைத் தொடட்டும்."