நாற்பத்தொரு திருத்தங்கள்

"ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டுச்சா? நாலு மணி கிளம்பியாச்சு" என்றான் பக்கத்து மேசை டிசைனர்.

அவள் கணினியின் மூலையைப் பார்த்தாள். சரியாக 4:00.

எதிர் வரிசையில் உட்காரும் புரோகிராமருக்கு அலுவலகத்தில் பெயரே அதுதான். நாலு மணி. எந்த வேலை பாதியில் நின்றாலும் சரி, மணி நாலு ஆனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துவிடுவார்.

"கொடுத்து வெச்ச மனுஷன்! நீயும்தான் இருக்கியே, பத்து மணிக்கு வந்தா ஏழரை வரைக்கும் ஆணி அடிச்ச மாதிரி."

"சும்மா இரு. நாளைக்கு என்ன ஆகுமோன்னு நானே பயந்துட்டிருக்கேன்."

பயப்படாமல் என்ன செய்வாள்? அவளுக்கும் நாலு மணிக்கும் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், முடிவு வெள்ளிக்கிழமை என்று திங்கட்கிழமை மதியம் இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் குழுத்தலைவர். இன்று வியாழன்.

இந்த வேலைக்கு முன்பு பதினோரு மாதம் வீட்டில் சும்மா இருந்தவள் அவள். அம்மா ஜாடை பேசப் பேச, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்ட பதினோரு மாதம்.

"உனக்கென்ன பயம்? காலைப் பட்டியல்ல உன் பேர் எத்தனை தடவை வந்திருக்கு?"

"ஒரு தடவைகூட இல்ல. ஒன்பது மாசமா."

"அவர் பேர்?"

"ஆறு."

"அப்புறம் என்ன? போய் டீ குடி."

அந்தப் பட்டியல்தான் அங்கே மதிப்பெண். ஒவ்வொரு இரவும் எல்லோருடைய புரோகிராமையும் சர்வர் தானே ஓட்டிப் பார்க்கும். எது தேறவில்லை, அது யாருடையது என்ற விவரம் காலை ஒன்பது மணிக்குத் தலைவருக்கும் குழுவில் எல்லோருக்கும் மெயிலில் போய்விடும்.

இருந்தாலும் அவளுக்கு மனம் அடங்கவில்லை. எந்த வரியை யார், எந்த நேரத்தில் எழுதினார் என்று காட்டும் வசதி ஒன்று இருந்தது. அதை வைத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். தன் வரிகள் எத்தனை, அவர் வரிகள் எத்தனை? எண்ணிக்கை கையில் இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

ஓட்டினாள். கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

அவள் மட்டுமே எழுதிய ஃபைல்களுக்குள் நாலு மணியின் பெயர். ஒன்றல்ல, இரண்டல்ல. நாற்பத்தொரு இடம்.

எல்லாமே காலை ஏழேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவில். அலுவலகத்தில் ஈ, காக்கை இல்லாத நேரம். திருத்தம் செய்தால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. நாற்பத்தொன்றிலும் ஒரே காரணம்தான்: 'சிறு மாற்றம்'.

டிசைனர் எட்டிப் பார்த்தான்.

"அடப்பாவி! சாயங்காலம் ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடிப் போறது, காலையில யாரும் இல்லாதப்போ வந்து உன் புரோகிராம்ல கை வைக்கிறதா?"

"எதுக்குடா?"

"எதுக்கா? ஒரு நாள் மொத்தமா படுத்துக்கும். அப்ப மாட்டப் போறது யாரு? இன்னிக்கே போய்ச் சொல்லிடு. நாளைக்குப் போனா, வேலை போன கோபத்துல சொல்றான்னுதான் பேசுவாங்க."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. நான்கு தாள்களில் அச்செடுத்தாள். ஸ்டேப்ளர் அடித்து எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், யார் மேலயும் கோள் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது."

"உட்காருங்கம்மா. யாரைப் பத்தி?" என்றார் தலைவர்.

சொன்னாள். தாள்களை நீட்டினாள்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தேதியைப் பார்த்தார். கணினியில் எதையோ தேடினார். அடுத்த தேதியைப் பார்த்தார். மறுபடி தேடினார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தேதிகள்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே சார்? எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

தலைவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இது காலைப் பட்டியல் இல்ல. ராத்திரி சர்வர் ஓட்டி முடிச்சதும் வர்ற முதல் முடிவு. இதை யாரும் திறந்து பார்க்கிறதில்ல. நானும்தான்."

வரிசையாகச் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றின் முனையிலும் அவள் பெயர்.

"ராத்திரி உங்க புரோகிராம் தேறல. காலையில அவர் வந்து சரி பண்ணி, திரும்ப ஓட்டியிருக்கார். ஒன்பது மணிக்கு எனக்கு வரும்போது அதுல உங்க பேர் இல்ல."

அவள் சிவப்பு வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"ஏழுலேருந்து நாலு. ஒன்பது மணி நேரம். அவர் போறதைத்தான் நாம எல்லாரும் பார்த்தோம். வர்றதைப் பார்க்க இங்க யாரும்மா இருந்தோம்?"

"எனக்குத் தெரியாது சார்."

"எனக்கும்தான் தெரியல. ஒப்பந்தத்தைத் தொடர நேத்தே உங்க பேரை எழுதி வெச்சுட்டேன். காரணம் என்ன போட்டிருக்கேன் தெரியுமா? ஒன்பது மாசமா ஒரு பிழைகூட இல்லன்னு."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் புதுசா வந்தவன்னு பாவம் பார்த்திருப்பார் சார். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு திங்கக்கிழமை நீங்க சொல்றதுக்கு முன்னாடி செஞ்சது..."

தலைவர் கடைசித் தாளைப் புரட்டினார். அடியில் இருந்த வரிகளின் மேல் பேனா முனையை ஒவ்வொன்றாக வைத்தார்.

"செவ்வாய் ஒண்ணு. புதன் ஒண்ணு. இன்னிக்குக் காலையில ஒண்ணு."