நத்தைக்கு எடுத்து வைத்த பன்

காட்டோரத்தில் பெருச்சாளி புதிதாக ஒரு பேக்கரி போட்டிருந்தது. அதன் பன்னுக்கு அப்படி ஒரு கிராக்கி. அதனால் ஆளுக்கு இரண்டுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

கோழிக்கு மூன்று குஞ்சுகள். நேற்று இரண்டு பன்னைப் பிய்த்துக் கொடுத்ததில் கடைக்குட்டிக்குத் தூள்தான் மிஞ்சியது. அது அழுதுகொண்டே தூங்கிப்போனது.

"இன்னும் ஒண்ணு குடு அண்ணே. அதோ, தட்டுல ரெண்டு இருக்கே?" என்றது கோழி.

"அது நத்தைக்கு, தாயி."

"வரிசையிலேயே அதைக் காணோமே!"

"எல்லாருக்கும் முன்னாடி கிளம்பினது அதுதான். வந்து சேர வேண்டாமா?"

"நல்லா நடத்துறே கடையை!" என்று சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கோழி கிளம்பியது.

பாதி வழியில் நத்தை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கோழியைக் கண்டதும் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது.

"கொத்திடாதே அக்கா," என்று உள்ளிருந்தே கெஞ்சியது. "நேத்தும் நான் போறதுக்குள்ள தட்டு காலி. இன்னைக்காவது ஒரு வாய் தின்னுட்டுச் சாகுறேன்."

கோழிக்குக் கடைக்குட்டியின் அழுகை ஞாபகம் வந்தது.

"பன் இருக்கு. ஆறுறதுக்குள்ள போகலாம்," என்று அதை அலகால் மெல்லத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டது. வழியெல்லாம் குஞ்சுகளைப் பற்றியே புலம்பியது.

கடையில் நத்தை ஒரு பன்னைக் கோழியின் பக்கம் தள்ளியது. "எனக்கு ஒரு பன்னே ஒரு வாரத்துக்கு வரும். இது கடைக்குட்டிக்கு."

வரும்போது ஓட்டுக்குள்ளேயே கிடந்த நத்தை, திரும்பும்போது கோழியின் முதுகில் கொம்பு இரண்டையும் நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டே போனது.