பேட்டரியைக் கழற்றியது யார்?

"யாரு இதைக் கழட்டினது?"

நான் போட்ட சத்தத்தில் தொட்டிலில் பாப்பா திடுக்கிட்டாள்.

கையில் என் ஆர்கனைசர், குறிப்பெல்லாம் ஏற்றி வைக்கிற குட்டி மெஷின். திரையில் ஒன்றுமில்லை. பின்மூடியைத் திறந்தால் பேட்டரிக் குழி இரண்டும் காலி. இரண்டு பேட்டரிகளும் மேஜை மேல் சார்ஜரில் சமர்த்தாகப் படுத்திருந்தன.

மணி ஒன்று ஐம்பது. இரண்டு மணிக்குப் பாப்பாவுக்கு மருந்து.

வலிப்பு மருந்து. பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டிருந்தார் டாக்டர். மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டின் அளவும் மாறும். கூடினால் பாப்பா கண்ணே திறக்க மாட்டாள். குறைந்தால் போன மாதம் மாதிரி வெட்டி இழுக்கும். ஆறு வாரத்துக்கான அளவையும் டாக்டர் சொல்லச் சொல்ல அந்த ஆர்கனைசரில்தான் ஏற்றினேன். தாளில் எதுவும் இல்லை.

ரீசார்ஜ் பேட்டரி போட்டதிலிருந்து அதில் ஒரு வம்பு. பாதி இருக்கிறது, பாதி இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று உயிரை விட்டுவிடும். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை, தீர்ந்ததோ இல்லையோ, மாற்றிவிட வேண்டும். அதுவும் ஒவ்வொன்றாக. ஒன்றைக் கழற்றினால், மாற்று பேட்டரியைப் போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் கழற்றி ஒரு நிமிஷம் விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லியிருந்தேன்.

நாத்தனார் காதில் இயர்ஃபோன் மாட்டியபடி எட்டிப் பார்த்தாள். அவளுடைய பாட்டுக் கருவிக்கும் இதே பேட்டரிதான்.

"நீயா?"

அவள் சார்ஜரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி. பாட்டு கேக்க சார்ஜ் போடலாம்னு... ரெண்டையும் சேர்த்துக் கழட்டிட்டேன். தெரியாம..."

"தெரியாமலா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! என் பிள்ளை இழுத்துக்கிட்டுக் கிடந்தாலும் உனக்குப் பாட்டுதான், இல்ல?"

"அப்புறமா திட்டுங்க அண்ணி. கிளினிக் நம்பர் என்ன?"

"அதுவும் அதுக்குள்ளதான் இருந்துச்சு!"

அவள் மருந்து டப்பாவைத் திருப்பினாள். அதில் ஒட்டியிருந்த கிளினிக் சீட்டைப் பார்த்துப் போனில் எண்களை அழுத்தினாள். எங்கேஜ்டு. மறுபடி அழுத்தினாள். எங்கேஜ்டு.

ஒன்று ஐம்பத்தாறு.

மூன்றாவது தடவை நர்ஸ் எடுத்தாள். டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறாராம். நாலு மணிக்கு மேல் பேச வேண்டுமாம்.

"சிஸ்டர், நாலு மணிக்கு நாங்க ஆம்புலன்ஸ்லதான் வருவோம். பரவாயில்லையா? குழந்தையோட ஃபைலை எடுத்துப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் காத்திருந்த நேரமெல்லாம் நான் நிறுத்தவே இல்லை. சொல்லக்கூடாததையும் சொன்னேன்.

"உனக்குன்னு ஒரு பிள்ளை பிறந்து, அது இப்படிக் கிடந்தா அப்பத் தெரியும்டி!"

ஒரு காதில் போன், இன்னொரு காதில் நான். அவள் பேனாவையும் தாளையும் என் பக்கம் தள்ளினாள்.

"எழுதிக்கோங்க அண்ணி. வெள்ளை மருந்து மூணரை. ரோஸ் மருந்து ரெண்டு. இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்துதான் அளவு மாறுதாம்."

காலையில் ஆறு மணிக்குக் கொடுத்தது நாலும் ஒன்றரையும். ஒருவேளை போன் கிடைக்காமல் போயிருந்தால், அதையேதான் ஊற்றியிருப்பேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிஞ்சில் இழுத்தேன். கோட்டுக்குச் சரியாக நின்றது. பாப்பா சப்புக் கொட்டி விழுங்கிவிட்டு ஒரு கொட்டாவி விட்டாள்.

"இனிமே இந்த மெஷின் பக்கமே வராதே."

"சரி அண்ணி."

சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

"இவளா கழட்டினா?" என்றார்.

"அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. தங்கச்சின்னா உடனே வக்காலத்துக்கு வந்துடுவீங்களே!"

"வக்காலத்து இல்லம்மா. அவ நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில ஆறேகாலுக்கு வந்தப்ப கதவைத் திறந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப உன் தோள்ல பாப்பா. கையில ரெண்டு பேட்டரி. அதோடயே என்கிட்ட வந்து 'சார்ஜர் எங்கே'ன்னு கேட்ட. கண்ணு பாதி மூடியிருந்துச்சு. பத்து நாளா நீ எங்கே தூங்கினே? மாத்து பேட்டரியைப் போட்டிருப்பேன்னு நாங்க ரெண்டு பேருமே நினைச்சுட்டோம்."

ஓடிப்போய் மேஜை டிராயரைத் திறந்தேன். மாற்று பேட்டரி ஜோடி ரப்பர் பேண்டு கூடப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

நாத்தனார் தன் அறையில் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண் இமை வீங்கியிருந்தது. நான் அறை வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டேன்.

"ஏன்டி, நீ கழட்டினேன்னு ஏன் சொன்னே?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நீங்கதான்னு அப்பவே சொல்லியிருந்தா, அந்த மருந்தை எந்தக் கையால அளந்திருப்பீங்க, அண்ணி?"