ஒஸ்மோ இருக்காரா?

அன்று மாலை குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் கம்பிக் கூடைகளுக்குள் தட்டு வீசி விளையாடும் திடலில் இருந்தவர்கள்: நான், என் நண்பன் டாபியோ, அவனுடைய நாய். மூன்றாவது கூடைக்குப் பக்கத்துப் புதரிலிருந்து நாய் மறுபடியும் அதே சிவப்புத் தட்டைக் கவ்வி வந்தது. பின்புறம் ஒஸ்மோ என்ற பெயரும் போன் நம்பரும்.

"இந்த மாசம் நாலாவது தடவைடா. கண்ணைக் கட்டிக்கிட்டு வீசறானா? பேசாம நாமளே வச்சுக்குவோம்," என்றான் டாபியோ.

நம்பர் இருந்தால் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும், எங்கள் வழக்கம் அப்படி. கூப்பிட்டேன்.

"ஒஸ்மோ இருக்காரா?"

வழக்கமான பெண்குரல்தான். "நீராவிக் குளியல்ல இருக்கார். கொண்டு வந்து குடுங்களேன்."

"எப்பவும் குளியல்தானா?"

அவள் சிரித்தாள்.

அவள் வீட்டு வாசலில் நின்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். "இதுதான் கடைசி. இனி கிடைச்சா கூப்பிட மாட்டோம், நாங்களே எடுத்துக்குவோம்."

நான் நீட்டிய தட்டை அவள் வாங்கவில்லை.

"தட்டை வச்சுக்குங்க. ஆனா போன் மட்டும் பண்ணுங்க. அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. புதர்ல போடறது நான்தான். அவரைப் பேர் சொல்லிக் கேக்க இப்ப வேற யாருமில்லை."

தட்டோடு படியிறங்கினேன். பின்னால் அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.