ஒரே ஒரு மார்க்

நர்ஸ் பயிற்சிக்குப் பரீட்சை எழுதிய செஞ்சி வட்டாரப் பெண்களின் மார்க்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் ஜகபர் அலி. ஏற்றி முடித்ததும் மெஷின் ஒரு சரிபார்ப்பு எண் தந்தது. பிறகு எவராவது ஒரு மார்க்கை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். அதைப் பார்ப்பதுதான் மெஹராஜ் பேகத்தின் வேலை.

பட்டியல் அச்சாக வேண்டிய காலையில் எண் மாறியிருந்தது.

"மெஷின் கோளாறா இருக்கும். விட்டுடுங்கக்கா," என்றான் ஜகபர்.

"எவளுக்கோ மார்க் ஏத்தியிருக்காங்க. அதனால இன்னொரு வூட்டுப் பொண்ணுக்கு சீட்டு போவுது. எப்படி விடுறது?"

அவன் கெஞ்சக் கெஞ்ச, அவள் அதிகாரி தேவநாதனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். விசாரித்ததில் ஜகபரே ஒப்புக்கொண்டான்; யாருடைய மார்க் என்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கே வேலை போயிற்று.

"எனக்காகப் பண்ணலக்கா," என்றான் கிளம்பும்போது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் ஏற்றிய மார்க்கைப் பதிந்து பீரோவில் பூட்டியிருந்த பிளாப்பியைப் போட்டு, தேவநாதன் வரி வரியாக ஒப்பிட்டார். ஒரே ஒரு மார்க், நாற்பத்தொன்று எழுபத்தொன்றாகியிருந்தது.

"நீங்க இல்லன்னா இது தெரிஞ்சே இருக்காதும்மா. இந்தப் பேரை அடிச்சிடுங்க. இனி எந்த வருஷமும் இந்தப் பொண்ணு பரீட்சை எழுத முடியாது."

மெஹராஜ் குனிந்து படித்தாள். ரோஷன் பீ, சிங்கவரம்.

"இன்னாம்மா, தெரிஞ்ச பொண்ணா?"

"என் பொண்ணு சார்."

தேவநாதன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.