பதினேழாம் டோக்கன்

பல்கலைக்கழகத்தின் பாட ஆலோசனை அறைக்குள் பதினேழாம் டோக்கனோடு நுழைந்தான் மாணவன்.

"கம்ப்யூட்டர் எனக்கு ஒத்து வரல மேடம். ஹிஸ்டரிக்கு மாறணும்."

ஆலோசகர் மதிப்பெண்களைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் முப்பத்தெட்டு. விருப்பப் பாடமாக எடுத்த வரலாற்றில் தொண்ணூற்றிரண்டு.

"வீட்ல பேசினியா?" வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மூணு தடவை பேசிட்டேன். அம்மா காதுலயே வாங்கல. போன தடவை பாதிச் சாப்பாட்டுல தட்டைப் பிடுங்கிட்டாங்க."

ஆலோசகர் தண்ணீர் குடித்தார்.

"உன் நல்லதுக்குத்தானே..."

"உங்க பின்னாடி சுவத்துல, 'படிப்பது மாணவர், முடிவும் அவருடையதே'ன்னு ஒட்டியிருக்கே மேடம்?"

திரும்பிப் பார்த்தார். அவரே எழுதி ஒட்டியதுதான். அவன் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப நன்றி மேடம். ஆனா, அம்மா?"

"அவங்களை நான் பார்த்துக்கிறேன்."

அவன் கதவுவரை போனதும் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தா, வீட்டுச் சாவி. போய் குக்கரை வை. நான் வர ஆறு மணியாகும். இனிமே டோக்கன் எல்லாம் போடாதடா, எதுவா இருந்தாலும் வீட்லயே சொல்லு."

"வீட்ல இந்த மேடம் இருக்க மாட்டாங்களேம்மா!"