நாலு கால் ஆதரவு

குளத்துக்குத் தலைவரான ஆமை, வேலையில்லாத காட்டுப்பன்றிகளுக்காக ஒரு மசோதா கொண்டுவந்தது. அவை குளத்தைத் தூர்வார வேண்டும்; கூலியாகத் தாமரைக்கிழங்கு கிடைக்கும்.

சபை முழுக்கக் கொக்குகள். ஆதரிப்பவர்கள் மடக்கிய காலை ஊன்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரு கொக்கும் ஊன்றவில்லை.

"குளம் ஆழமானா நாங்க எங்க நின்னு மீன் பிடிக்கிறது, தலைவரே? உங்க பக்கம் ஒரு காலும் இல்லை, பாருங்க" என்றது மூத்த கொக்கு.

கரையில் பசியோடு காத்திருந்த பன்றி, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு காட்டுக்குப் புறப்பட்டது.

ஆமை குனிந்து பார்த்தது. "நாலு இருக்கே" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கித் தோண்ட ஆரம்பித்தது.

பன்றி திரும்பியது.

"எங்களுதையும் சேர்த்து எண்ணுங்க, தலைவரே" என்று வாலை நிமிர்த்திக்கொண்டு இறங்கியது. பின்னால் வந்த குட்டிகளின் வால்களும் நிமிர்ந்திருந்தன.